ஆளில்லா நிலத்துக்கு நான்கு பெயர்

அண்டார்க்டிகாவை வரைபடத்தில் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். அந்த வட்டத்திலிருந்து ஒரு பகுதி மட்டும், யானை தும்பிக்கையை நீட்டியது போல, தென் அமெரிக்காவின் பக்கம் நீண்டு கிடக்கிறது. நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். இன்று அதற்கு அண்டார்க்டிக் தீபகற்பம் என்று பெயர். 1964க்கு முன்னால் நான்கு நாடுகள் அதை நான்கு விதமாக அழைத்தன. பிரிட்டிஷ்காரர்களுக்கு அது கிரஹாம் நிலம். அமெரிக்கர்களுக்குப் பால்மர் தீபகற்பம். சிலிக்காரர்களுக்கு ஓஹிக்கின்ஸ் நிலம். ஆர்ஜென்டீனர்களுக்குச் சான் மார்ட்டின் நிலம். வீட்டில் பிறந்த குழந்தைக்கு நாலு பேர் நாலு பெயர் சொல்வது இயல்பு. இங்கே குழந்தையும் இல்லை, வீடும் இல்லை. அந்த நிலத்தில் மனிதர் யாரும் குடியிருந்ததே கிடையாது.

இதை யோசிக்க யோசிக்க விசித்திரமாக இருக்கிறது. மற்ற கண்டங்களில் ஐரோப்பியர் வைத்த பெயர் ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்னொரு பெயர் கிடக்கும். ஆற்றுக்கும் குன்றுக்கும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வைத்திருந்த பெயர் அது. வந்தவர்கள் அதை அழித்தார்கள், அல்லது வாயில் நுழையாமல் திரித்தார்கள். தென்துருவத்தில் அழிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அதனாலேயே அங்குள்ள பெயர்களைப் படித்தால் நிலத்தைப் பற்றி அதிகம் தெரியாது. வைத்தவர்களைப் பற்றி நிறையத் தெரியும். யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள், யாரிடம் பல்லிளித்தார்கள், யாருக்காக அழுதார்கள் என்பதெல்லாம் தெரியும்.

முதலில் நிலம். தென் அமெரிக்காவின் முதுகெலும்பான ஆண்டிஸ் மலைத்தொடர் கேப் ஹார்னோடு முடிந்துவிடுவதாகத் தோன்றும். முடிவதில்லை. கடலுக்குள் இறங்கி, கிழக்கே பெரிய வளைவாகச் சுற்றி, தெற்கு ஜார்ஜியா, தெற்கு சாண்ட்விச், தெற்கு ஓர்க்னி என்று அங்கங்கே தலைகாட்டி, இந்தத் தீபகற்பத்தில் மறுபடியும் நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் டிரேக் நீரிணை. அங்கே கடல் சும்மா கிடக்கும் நாள் குறைவு. தீபகற்பத்தின் நடுவே உயரமான பீடபூமி, அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பனியாறுகள். மேற்குக் கரையில் தீவுகள், கால்வாய்கள், கோடையில் திறந்த நீர், மூன்று வகைப் பென்குயின்கள். பாறை இடுக்குகளில் ஒரு புல்லும், மெத்தை போல் அடர்ந்து வளரும் ஒரு சிறு செடியும் உண்டு. அந்தக் கண்டம் முழுவதிலும் இயற்கையாகப் பூக்கும் தாவரங்கள் அந்த இரண்டு மட்டுமே. மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் வேறு உலகம். அதே அட்சரேகையில் பல டிகிரி கூடுதல் குளிர். வெடல் கடலின் பனி கரையை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பலை 1915இல் நொறுக்கியது அந்தக் கடல்தான்.

இந்தத் தீபகற்பத்தை முதலில் பார்த்தவர் யார் என்பதிலேயே சண்டை. 1819இல் வில்லியம் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் புயலில் திசை தவறி, தீபகற்பத்துக்கு எதிரே இருக்கும் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளைக் கண்டார். மறு ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி அதே கப்பலில் வந்த எட்வர்ட் பிரான்ஸ்ஃபீல்ட், தீபகற்பத்தின் வடமுனையைப் பார்த்து டிரினிட்டி நிலம் என்று குறித்தார். அந்த நவம்பரில், 21 வயது நத்தானியேல் பால்மர் ஹீரோ என்ற சின்னஞ்சிறு பாய்மரப் படகில் அந்தப் பக்கம் வந்தார். அவர் அமெரிக்கர். ஆகவே அமெரிக்கர்களுக்கு அது பால்மர் நிலம்.

ஆனால் அந்த நாட்களில் அங்கே போனவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் வைப்பதில் ஆர்வமே இருக்கவில்லை. அவர்கள் சீல் என்கிற கடல்நாயைத் தோலுக்காகக் கொல்லப் போனவர்கள். நல்ல கரை ஒன்று கண்ணில் பட்டால் வாயை மூடிக்கொள்வதுதான் அவர்களுடைய தொழில் தர்மம். சொன்னால் அடுத்த பருவத்தில் ஐம்பது கப்பல் வந்து நிற்கும். மறைத்தும் பயனில்லாமல் போயிற்று. சில பருவங்களுக்குள் அந்தத் தீவுகளில் ரோமக் கடல்நாய் இனமே அழியும் நிலைக்கு வந்தது. வேட்டைக்குப் பொருள் இருந்தவரை அந்த இடத்துக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. பொருள் தீர்ந்த பிறகே பெயருக்குப் போட்டி வந்தது.

ஜான் பிஸ்கோவும் அந்தத் தொழிலுக்காகப் போனவர்தான். லண்டனில் இருந்த என்டர்பி சகோதரர்களின் நிறுவனத்துக்காகக் கப்பல் ஓட்டினார். 1832 பிப்ரவரியில் ஓரிடத்தில் கரையிறங்கி, பிரிட்டிஷ் மன்னர் பெயரால் அதைக் கைப்பற்றியதாக அறிவித்தார். பெருநிலம் என்று அவர் நினைத்தது உண்மையில் ஒரு தீவு. பெயர் வைக்க வேண்டிய நேரத்தில் அவருக்கு நினைவு வந்தவர், அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் அமைச்சராக இருந்த சர் ஜேம்ஸ் கிரஹாம். கிரஹாம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. பிஸ்கோவோ 1843இல் வறுமையில், ஊர் திரும்பும் வழியில், கடலிலேயே செத்தார். அமைச்சர் பெயர் ஒரு நிலத்துக்கு, மாலுமியின் பெயர் பக்கத்தில் சில தீவுகளுக்கு என்று கணக்கு முடிந்தது.

இப்படித்தான் அங்கே நிலம் செலாவணி ஆயிற்று. கையில் காசு இல்லாதவன், எவருக்கும் சொந்தமில்லாத மலையை எடுத்துப் பட்ட கடனை அடைத்தான். 1838இல் டியூமோன் டர்வில் என்ற பிரெஞ்சுக்காரர் வடமுனையைப் பார்த்து லூயி ஃபிலிப் நிலம் என்றார். பத்தே ஆண்டில் பிரான்ஸ் அந்த மன்னரைத் துரத்திவிட்டது. ஷார்கோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இரண்டு முறை வந்தார். லூபே கரை, ஃபாலியேர் கரை என்று இரண்டு பிரெஞ்சு ஜனாதிபதிகளுக்கு ஆளுக்கொரு கடற்கரை கொடுத்தார். லாக்ரோய் என்ற அரசியல்வாதிக்கு ஒரு துறைமுகம். அந்தத் துறைமுகத்துக்குள் கிடக்கும் சின்னப் பாறைத் தீவுக்கு மட்டும் தம் கப்பலின் தலைமை எஞ்சின்காரர் கூடியே பெயரை வைத்தார். முதல் பயணத்தின்போது, தம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று ஷார்கோவின் மனைவி விவாகரத்து வாங்கிவிட்டார். அவர் விக்டர் ஹ்யூகோவின் பேத்தி. இரண்டாவது பயணத்தில் ஷார்கோ ஒரு பெரிய விரிகுடாவுக்கு மார்கரீட் என்று பெயர் வைத்தார். அது இரண்டாவது மனைவியின் பெயர். முன்னெச்சரிக்கை என்றுதான் எனக்குப் படுகிறது.

கடன் தீர்ப்பதில் எல்லாரையும் மிஞ்சியவர் ஹூபர்ட் வில்கின்ஸ். 1928 டிசம்பர் 20 அன்று டிசெப்ஷன் தீவிலிருந்து விமானத்தில் ஏறித் தீபகற்பத்தின் மேலே தெற்கே பறந்தார். அண்டார்க்டிகாவில் விமானத்திலிருந்து புது நிலம் கண்ட முதல் பயணம் அது. கீழே தெரிந்ததற்கெல்லாம் மேலே இருந்தபடியே பெயர் வைத்தார். பணம் கொடுத்த பத்திரிகை முதலாளிக்கு ஹெர்ஸ்ட் நிலம். விமானம் செய்த நிறுவனத்துக்கு லாக்ஹீட் மலைகள். டெட்ராய்ட்டின் விமானச் சங்கத்துக்கு ஒரு பீடபூமி. எண்ணெய் நிறுவனத்தின் சரக்குக்கு ஒரு கடற்கழி. மொபிலாயில் கடற்கழி என்பது இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. பென்குயினுக்கு இதில் ஆட்சேபம் இருக்காது. எனக்கு இருக்கிறது. ஒரு மன்னரையோ அமைச்சரையோ புகழ்வதில் குறைந்தபட்சம் ஒரு மனிதரின் முகம் உண்டு. எஞ்சின் எண்ணெய் டின்னுக்கு என்ன முகம்?

ஆனால் எல்லாப் பெயரும் கணக்குத் தீர்க்க வைத்ததில்லை. 1898 ஜனவரியில் பெல்ஜிகா என்ற கப்பல் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளின் அருகே புயலில் சிக்கியது. மேல்தளத்துத் தண்ணீர் வடியும் துளைகளை நிலக்கரித் துண்டுகள் அடைத்திருந்தன. அதைக் குத்திச் சரிசெய்துகொண்டிருந்த கார்ல் வீங்கே என்ற இளம் நார்வே மாலுமி கடலில் விழுந்துவிட்டான். ஒருவர் கயிற்றில் கட்டி இறங்கிப் பிடிக்கப் பார்த்தார். அலை விடவில்லை. அதன் பிறகு கப்பல் போய்ச் சேர்ந்த நீரிணையில், இரண்டு பக்கமும் யாரும் அதுவரை வரையாத தீவுகள். அவற்றில் ஒன்று வீங்கே தீவு. அந்தப் பையனால் திருப்பிக் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை. வேறு பயணத்துக்குப் பணமும் வராது, பதவியும் வராது. அதே கப்பல் பிறகு பனியில் மாட்டிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் நின்றபோது இதயம் நின்று செத்த எமில் டான்கோவின் பெயர், அவர்கள் கடந்து வந்த கரைக்கு நிலைத்தது. ஷார்கோ பின்னாளில் ஜனாதிபதிகளுக்குத் தானம் செய்த கரைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது டான்கோ கரை.

நின்ற இடத்திலிருந்தே முளைத்த பெயர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதில் ஒன்று. சுவீடனின் நோர்டென்ஷெல்ட் குழு 1902இல் கிழக்குக் கரையருகே ஒரு தீவில் தங்கியிருந்தது. அவர்களை அழைத்துப்போக வந்த அண்டார்க்டிக் என்ற கப்பல் பனியைத் தாண்ட முடியாமல், மூன்று பேரை வடமுனையில் ஒரு குடாவில் இறக்கிவிட்டது. நடந்துபோய்ச் செய்தி சொல்லுங்கள் என்பது ஏற்பாடு. போக வழியில்லாமல் அவர்கள் திரும்பிவந்து காத்திருந்தார்கள். கப்பல் வரவில்லை. 1903 பிப்ரவரியில் அது பனியில் நசுங்கி மூழ்கிப்போயிருந்தது. அது இவர்களுக்குத் தெரியாது. கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, சறுக்குவண்டியைக் குறுக்கே போட்டு, மேலே தார்ப்பாயை விரித்து, அந்தப் பொந்தில் மாதக்கணக்கில் இருந்தார்கள். சாப்பாடு பென்குயின். விளக்கும் அடுப்பும் சீல் கொழுப்பு. அந்தக் கொழுப்புப் புகை தோலில் அப்பி அப்பி ஆள் அடையாளமே போய்விட்டது. குளிர்காலம் கழிந்து மறுபடி நடக்கத் தொடங்கி, அக்டோபரில் ஒரு முனையருகே வந்தபோது எதிரே இருவர் வந்தார்கள். அதில் ஒருவர் நோர்டென்ஷெல்டே. கரிபிடித்த அந்த உருவங்களைப் பார்த்து, யார் இவர்கள் என்று அவருக்கே விளங்கவில்லை. விளங்கிய பிறகு அந்த முனைக்கு வைத்த பெயர், நல்ல சந்திப்பு முனை. காத்திருந்த குடாவுக்கு நம்பிக்கைக் குடா. ஆர்ஜென்டீனாவின் உருகுவே என்ற கப்பல் வந்து எல்லாரையும் காப்பாற்றியது அந்த நவம்பரில். கல்வீட்டின் மிச்சம் அந்தக் குடாவில் இன்னமும் இருக்கிறது.

பின்னாளில் வேலை குழுக்களின் கைக்குப் போயிற்று. பிரிட்டனில் 1945இல் இதற்கென்றே ஒரு குழு அமைந்தது. விமானப் படங்கள் குவியக் குவிய, பெயரில்லாத பனியாறுகள் ஆயிரக்கணக்கில் கண்ணில் பட்டன. இத்தனைக்கு அமைச்சர்களும் மனைவிகளும் எங்கே கிடைப்பார்கள்? குழுவினர் வகைவகையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கரைக்கு மோபி டிக் நாவலின் பாத்திரங்கள். ஸ்டார்பக் பனியாறு, ஃபிளாஸ்க் பனியாறு, ஆஹாப் மலை என்று நாவலில் இருந்த மாலுமிகள் எல்லாம் பனியில் இறங்கிவிட்டார்கள். பக்கத்திலுள்ள அலெக்சாண்டர் தீவு முழுக்க இசை. மொசார்ட், பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ். பிராபாண்ட் தீவு மருத்துவர்களுக்கு. ஹிப்போகிராட்டஸிலிருந்து பாஸ்டர், லிஸ்டர் வரை அங்கே இருக்கிறார்கள்.

மேற்குக் கரையில் ஒரு பகுதியை மட்டும் சத்துணவு ஆராய்ந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள். இந்தப் பட்டியலைச் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை. ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை வகைப் பழம் மருந்து என்பதை 1747இல் கப்பலிலேயே சோதித்துக் காட்டிய ஜேம்ஸ் லிண்டுக்கு ஒரு பனியாறு. ஜப்பானியக் கடற்படையின் சாப்பாட்டை மாற்றிப் பெரிபெரி நோயை ஒழித்த டகாகிக்கு ஒரு கடல்முனை. ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டு அதே நோயை வரவழைத்துக் காட்டிய அய்க்மனுக்கு ஒரு முனை. வைட்டமின் என்ற சொல்லைத் தந்த ஃபுங்குக்கு ஒரு பனியாறு. தவிடு நீங்க வெள்ளையாகத் தீட்டிய அரிசியைச் சாப்பிடுகிற நாமும் அந்த அய்க்மனுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான். பெல்ஜிகாவில் ஸ்கர்வி வந்தபோது மருத்துவர் ஃபிரெடெரிக் குக் பச்சைப் பென்குயின் இறைச்சியையும் சீல் இறைச்சியையும் தின்னச் சொல்லி ஆட்களைத் தேற்றினார். ஏன் தேறினார்கள் என்று அவருக்கே அன்று தெரியாது. பிறகு அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களின் பெயரை அந்தக் கரைக்கே கொண்டுபோய் வைத்தது நியாயமான காரியம். மேசையில் உட்கார்ந்து வைத்த பெயர் என்றாலே உயிரில்லாததாக இருக்கும் என்ற என் எண்ணம் இந்தப் பட்டியலில் அடிபட்டுப்போகிறது.

இத்தனை அழகும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, மொத்த நிலத்துக்கும் என்ன பெயர் என்பது மட்டும் தீராமல் நின்றது. பிரிட்டன் 1908இலேயே உரிமை கோரிவிட்டது. சிலி 1940இல் கோரியது. ஆர்ஜென்டீனாவும் அதே பகுதியைத் தனது என்றது. மூன்று உரிமையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் இந்தத் தீபகற்பம். 1942இல் ஆர்ஜென்டீனாவின் கடற்படைக் கப்பல் ஒன்று டிசெப்ஷன் தீவில் கொடியை வரைந்து, இது எங்களுடையது என்று எழுதிய தாளை ஓர் உருளையில் போட்டு வைத்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கப்பல் வந்து கொடியை அழித்து, தன் கொடியை வரைந்து, உருளையை எடுத்துக்கொண்டு போனது. பிரிட்டிஷ் தூதர் அந்த உருளையை ஆர்ஜென்டீன அரசிடம் முறைப்படி ஒப்படைத்தார். சில வாரங்களில் ஆர்ஜென்டீனக் கப்பல் திரும்ப வந்து பிரிட்டிஷ் கொடியை அழித்தது. பிரிட்டன் ரகசியமாக ஒரு படை நடவடிக்கையே தொடங்கி, 1944இல் லாக்ரோய் துறைமுகத்தில், அந்த எஞ்சின்காரரின் பெயரைத் தாங்கிய பாறைத் தீவின் மேல், தளம் போட்டது. நடவடிக்கைக்கு வைத்த சங்கேதப் பெயர் டபாரின். பாரிஸில் இருந்த ஓர் இரவு விடுதியின் பெயர் அது.

தபால் நிலையம் திறப்பதும், தளத் தலைவரையே மாஜிஸ்திரேட் ஆக்குவதும், முத்திரை குத்துவதும் உரிமைக்கு அத்தாட்சி என்று அன்று நினைத்தார்கள். வழக்குப் போட ஆளில்லாத ஊரில் நீதிபதி, கடிதம் வாங்க வீடில்லாத ஊரில் தபால்காரர். வேடிக்கை என்று சிரித்துவிடலாம். 1952 பிப்ரவரி 1 அன்று அது வேடிக்கையாக இல்லை. நம்பிக்கைக் குடாவில் ஜான் பிஸ்கோ என்ற கப்பலிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்களின் தலைக்கு மேலே ஆர்ஜென்டீனர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. 1903இல் மூன்று பேர் பென்குயின் தின்று உயிர்பிழைத்த அதே குடா. உருகுவே கப்பலில் வந்து சுவீடன்காரர்களை மீட்ட அதே நாட்டின் ஆட்கள்.

1956இல் இந்தியா, அண்டார்க்டிகா பற்றிய கேள்வியை ஐக்கிய நாடுகள் சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொன்னது. உரிமை கோரிய நாடுகளுக்குக் கோபம் வந்தது. இந்தியா அப்போதைக்கு விட்டுக்கொடுத்தது. ஆனால் எல்லாருக்கும் களைப்பும் வந்திருந்தது. 1957-58இல் நடந்த சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டில் பன்னிரண்டு நாட்டு விஞ்ஞானிகள் அங்கே சேர்ந்து வேலை செய்து காட்டினார்கள். அந்தப் பன்னிரண்டு நாடுகளே 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1961இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1983இல் சேர்ந்தது.

அந்த ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உரிமை கோரியவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. மறுத்தவர் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒப்பந்தம் இருக்கும்வரை அங்கே யார் என்ன செய்தாலும் அது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. அவ்வளவுதான். யார் சொன்னது சரி என்று அது சொல்லவே இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படி ஒரு தீர்ப்புச் சொன்னால் வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். தீர்ப்பே இல்லாத தீர்ப்பு. ஆனால் அது விழுந்த நாளிலிருந்து தபால் முத்திரை வெறும் தபால் முத்திரை ஆயிற்று. கொடி வரைந்து பயனில்லை.

பெயர்ச் சண்டை தீர்ந்தது அதற்குப் பிறகுதான். 1964இல் பிரிட்டிஷ் பெயர்க் குழுவும் அமெரிக்கப் பெயர்க் குழுவும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தன. முழு நிலத்துக்கும் யார் பெயரும் வேண்டாம், அண்டார்க்டிக் தீபகற்பம் போதும். ஜெரமி முனையிலிருந்து அகாசிஸ் முனைக்கு ஒரு கோடு. அதற்கு வடக்கே கிரஹாம் நிலம், தெற்கே பால்மர் நிலம். இத்தனை சுலபமாக முடியக்கூடியது ஏன் அத்தனை காலம் முடியவில்லை? பெயருக்கு அடியில் உடைமை உட்கார்ந்திருந்தது. ஒரு பெயரை ஒப்புக்கொண்டால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும் என்ற பயம் இருந்தது. பத்திரமே செல்லாது என்று ஆன பிறகு, பெயர் பெயராக மட்டும் மிஞ்சியது. அதை எடுத்து அங்கேயும் இங்கேயும் நகர்த்தி வைப்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. பெயர் ஒத்துப்போனால் சண்டை ஓயும் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே வரிசை தலைகீழ். சண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று, பெயர் தானாக ஒத்துப்போயிற்று. சிலியும் ஆர்ஜென்டீனாவும் தங்கள் பழைய பெயர்களை விடவும் இல்லை. விடாமலேயே அமைதி இருக்கிறது.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? பால்மர் அமெரிக்கர், ஜார்ஜ் பவல் பிரிட்டிஷ்காரர். 1821 டிசம்பரில் இருவரும் சேர்ந்தே கடலோடித் தெற்கு ஓர்க்னி தீவுகளைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு லண்டனில் வெளியான பவலின் வரைபடத்தில் பால்மர் நிலம் என்று எழுதியிருந்தது. அடுத்தவன் பெயரைத் தன் கையாலேயே எழுதினான் ஒருவன். அதை வைத்துத்தான் நூறு ஆண்டுக்குமேல் இரண்டு நாடுகள் வழக்காடின.

ஓஹிக்கின்ஸ், சான் மார்ட்டின் கதை இதைவிடப் பெரிது. ஸ்பெயினிடமிருந்து சிலியை மீட்க 1817 தொடக்கத்தில் இருவரும் சேர்ந்துதான் படையோடு ஆண்டிஸைத் தாண்டினார்கள். பிப்ரவரி 12 அன்று சாகபுகோவில் வென்றார்கள். சாந்தியாகோ நகரம் ஆட்சியைச் சான் மார்ட்டினிடம் நீட்டியது. வென்ற படையின் தளபதி அவர்தான். அவர் வேண்டாம் என்றார். ஆட்சி ஓஹிக்கின்ஸிடம் போயிற்று. பின்னால் இருவருமே அதிகாரத்தை விட்டு விலகி, பிறந்த மண்ணுக்கு வெளியே இறந்தார்கள். ஒருவர் 1842இல் லிமாவில், மற்றவர் 1850இல் பிரான்சின் பூலோன் நகரில். அவர்கள் தோளோடு தோளாகத் தாண்டிய அதே மலைதான் கடலுக்கடியில் வளைந்து போய்த் தீபகற்பமாக எழுகிறது. கையில் வந்த நாட்டையே நண்பனுக்கு விட்டுக்கொடுத்தவரின் பெயரை, அந்த நண்பனின் பெயருக்கு எதிராக, அந்த மலையின் மேலேயே நிறுத்திவைத்தது சரித்திரம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வில்கின்ஸ் 1928இல் மேலிருந்து பார்த்தபோது நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கால்வாய்கள் போவதாகத் தோன்றியது. ஆகவே இது தீபகற்பமே இல்லை, தீவுக்கூட்டம் என்றார். ஜான் ரைமில் தலைமையில் 1934 முதல் 1937 வரை அங்கிருந்த குழு, நாய்களைப் பூட்டி வண்டியில் போய்ப் பார்த்து, கால்வாய் எதுவும் இல்லை, அவையெல்லாம் பனியாறுகள் என்று நிரூபித்தது. அது தீபகற்பம்தான் என்று முடிவாயிற்று. பிறகு பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அளந்தபோது, கடல்மட்டத்துக்கு வெகு கீழே இறங்கும் பள்ளங்களும் அவற்றுக்கிடையே பாறைத் தீவுகளும் தெரிந்தன. அவற்றை ஒரே நிலமாகக் கட்டிவைத்திருப்பது மேலே உள்ள பனி. வில்கின்ஸ் சொன்ன இடத்தில் கால்வாய் இல்லை. ஆனால் பனியை நீக்கிவிட்டால் தீவுக்கூட்டம். யார் பெயரும் வேண்டாம் என்று தேர்ந்தெடுத்த அந்த நடுநிலையான பெயர் கூடப் பனி இருக்கும்வரைதான்.

அந்தப் பனி குறைந்துகொண்டிருக்கிறது. 1995இல் லார்சன் ஏ பனித்தட்டு உடைந்தது. 2002இல் லார்சன் பி பனித்தட்டின் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் சிதறிப்போயிற்று. அணையாக நின்ற தட்டு போனதும் பின்னால் இருந்த பனியாறுகள் வேகமெடுத்தன. 2020 பிப்ரவரி 6 அன்று நம்பிக்கைக் குடாவிலுள்ள ஆர்ஜென்டீனத் தளத்தில் வெப்பம் 18.3 டிகிரி. லார்சன் பி என்ற பெயர் இன்னும் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிய இடத்தில் பெரும்பகுதி கடல்.

உரிமைக் கேள்வி செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆர்ஜென்டீனாவில் 2010இல் போட்ட ஒரு சட்டப்படி, பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் நாட்டு வரைபடம் அண்டார்க்டிகப் பகுதியையும் ஒரே அளவுகோலில் காட்ட வேண்டும். அங்குள்ள பிள்ளைகள் தீபகற்பத்தைத் தங்கள் நாட்டின் தென்பாதியாகவே பார்த்து வளர்கிறார்கள். ஆனால் 1998 முதல் கோடைதோறும் ஆர்ஜென்டீனக் கடற்படையும் சிலிக் கடற்படையும் முறைவைத்துக்கொண்டு அந்தக் கடலில் கூட்டுக் காவல் செய்கின்றன. விபத்தானால் மீட்பதும் எண்ணெய் கசிந்தால் தடுப்பதும் வேலை. 2007 நவம்பர் 23 அன்று எக்ஸ்ப்ளோரர் என்ற சுற்றுலாக் கப்பல் பிரான்ஸ்ஃபீல்ட் நீரிணையில் பனியில் மோதி மூழ்கியது. 154 பேர் மணிக்கணக்காக உயிர்காப்புப் படகுகளில் கிடந்தார்கள். அவர்களைத் தூக்கியது ஒரு நார்வேக் கப்பல். இறக்கிவிட்டது கிங் ஜார்ஜ் தீவில். அங்கிருந்து வெளியே கொண்டுபோனது சிலி விமானப்படை. ஒருவரும் சாகவில்லை. அபாய அழைப்பில் கப்பல்கள் இடத்தைச் சொல்வது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்.